பழைய ஜப்பானிய வீட்டுக்குள் ஒரு காபி: முதல் முறை போகிறவர்களுக்கு

டோக்கியோவுக்கு வந்த புதிதில் நான் போன முதல் கொமின்கா கஃபேயின் (பழைய வீட்டுக்குள் நடக்கும் காபிக் கடை) கதவைத் தள்ளிக்கொண்டே நின்றேன். திறக்கவில்லை. சரி, கடை இல்லை போலிருக்கிறது என்று திரும்பியபோது, உள்ளேயிருந்து ஓர் அம்மா கதவைச் சர்ரென்று பக்கவாட்டில் இழுத்து, "தோஸோ" என்றார். 'வாங்க' என்று பொருள். தள்ளுகிற கதவே இல்லை அது, இழுக்கிற கதவு. கண்ணில் படும்படி பெயர்ப்பலகை கிடையாது. பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் இருந்த ஒரே வித்தியாசம் வாசலில் தொங்கிய ஒரு முழத் துணிதான்.

அன்றைக்குச் செய்த தப்பு அதோடு நிற்கவில்லை. அதையெல்லாம் நீங்களும் செய்ய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: நீங்கள் போவது ஒருவருடைய வீட்டுக்கு. காசு கொடுக்கிற விருந்தாளி நீங்கள். இது பிடிபட்டுவிட்டால் கீழே சொல்வதில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

கொமின்கா என்றால்

'கொமின்கா' என்பது பழைய குடியானவர் வீடு, பழைய ஊர் வீடு என்ற பொருளில் வருகிற சொல். ஜப்பானின் கட்டடச் சட்டம் 1950இல் வந்தது. அதற்கு முந்தைய, மரச்சட்டத்தில் கட்டிய வீடுகளைத்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்கிறார்கள். கியோட்டோவில் இதே மாதிரி நகரத்து வீட்டுக்கு 'மச்சியா' என்று பெயர். தெருப்பக்கம் குறுகல், உள்ளே போகப் போக நீளம். 'விலாங்கு மீன் படுக்கை' என்று அதற்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. நடுவில் அறையளவு ஒரு குட்டித் தோட்டம், பெயர் 'சுபோநிவா'. வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வரும்.

இவை ஏன் கஃபே ஆகின்றன? 2023 கணக்கெடுப்பின்படி ஜப்பானில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாகக் கிடக்கின்றன. பாட்டி போன பிறகு வீடு பேரனுக்கு வரும். இடித்தாலும் செலவு, வைத்திருந்தாலும் செலவு. யாராவது ஒருவர் துணிந்து கூரையைச் செப்பனிட்டு, நாலு மேசை போட்டு, காபி வடிக்க ஆரம்பிப்பார். அதனால்தான் பல இடங்களில் ஒருவரோ, கணவன் மனைவியோ மட்டுமே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார்கள். காபி வர இருபது நிமிடம் ஆவதன் ரகசியமும் இதுதான்.

எங்கே தொடங்கலாம்

எடுத்த எடுப்பில் மலையடிவாரக் கிராமத்தில் ஒளிந்திருக்கும் வீட்டைத் தேடிப் போக வேண்டாம். முதல் முறைக்கு டோக்கியோவின் யானாகா நல்ல இடம். 1923 நிலநடுக்கத்திலும் 1945 குண்டுவீச்சிலும் பெரிய அளவில் தப்பிய பகுதி. சந்துகள், கோயில்கள், பூனைகள் என்று இன்னும் பழைய ஊராகவே இருக்கிறது. நிப்போரி நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கிக் கல்லறைத் தோட்டத்தின் ஊடாக நடக்கலாம், அல்லது நெஸு நிலையத்தில் இறங்கி மேடு ஏறலாம்.

அங்கே ஒரு முக்கில் நிற்கிறது கயாபா காபி. கட்டடம் 1916இல் கட்டியது, காபிக் கடை 1938இல் தொடங்கியது. நடத்தியவர் காலமான பின் 2006இல் மூடி, ஊர்க்காரர்களின் முயற்சியில் 2009இல் மறுபடி திறந்தார்கள். முட்டை சாண்ட்விச்சும், காபியும் கோகோவும் பாதிப் பாதி கலந்த 'ரஷ்யன்' என்ற பானமும் அங்கே பெயர் பெற்றவை. மாடியில் தத்தாமிப் பாய் விரித்த அறை. வார இறுதியில் வரிசை நிற்கும். கிட்டவே உவேனோ சகுராகி அத்தாரி என்று 1938இல் கட்டிய மூன்று வீடுகளைச் சேர்த்து 2015இல் திறந்த ஒரு வளாகம் இருக்கிறது. கயாபாவில் இடம் கிடைக்காவிட்டால் அங்கே போய்க் காலாற உலாவலாம்.

கியோட்டோ என்றால், கூச்சம் தெளிய ஒரு குறுக்குவழி உண்டு. நினென்ஸகா படிக்கட்டுத் தெருவில் நூறாண்டு பழைய வீட்டில் ஸ்டார்பக்ஸ் 2017இல் ஒரு கிளை திறந்தது. மேலே தத்தாமி அறையில் செருப்பைக் கழற்றி உட்காரலாம், மெனுவோ உங்களுக்குத் தெரிந்ததுதான். 'இதுக்கா ஜப்பான் வந்தோம்' என்று சிரிப்பீர்கள். ஆனால் தரையில் உட்கார்ந்து காபி குடித்துப் பழக மோசமான இடம் அல்ல. பழகிய பிறகு நிஷிஜின் பக்கம் போய் சராசா என்ற கஃபேயைப் பாருங்கள். பழைய பொதுக் குளியல் கூடம் அது. சுவரெல்லாம் பூவேலை செய்த வண்ண ஓடுகள் அப்படியே இருக்கின்றன. கொமின்கா என்று கறாராகச் சொல்ல முடியாது, எனக்குப் பிடிக்கும் என்பதால் சேர்த்துவிட்டேன்.

நீங்களே தேட வேண்டுமென்றால், வரைபடச் செயலியில் 'கொமின்கா கஃபே' என்று ரோமன் எழுத்தில் அடித்தாலும் ஏதாவது வரும். மொழிபெயர்ப்புச் செயலியில் அதை ஜப்பானிய எழுத்துக்கு மாற்றி ஒட்டித் தேடினால் நிறைய வரும். ஊர்க்காரர்கள் போகிற இடங்கள் அப்போதுதான் தலை காட்டும்.

கிளம்பும் முன்

திறந்திருக்கிறதா என்று பாருங்கள். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடைகளில் பல, காலை பதினொன்றுக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடிவிடும். கடைசி ஆர்டர் அதற்கும் அரை மணி நேரம் முன்னால். வாரத்தில் இரண்டு மூன்று நாள் விடுமுறை சகஜம். 'ஃபுதெய்க்யூ' என்று போட்டிருந்தால் விடுமுறைக்கு நாள் கணக்கே கிடையாது என்று பொருள். அவர்களுக்குத் தோன்றிய நாளில் மூடுவார்கள். வரைபடத்தில் காட்டும் நேரத்தை நம்பி, ஜூலை வெயிலில் இருபத்தைந்து நிமிடம் நடந்துபோய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவன் சொல்கிறேன், கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பாருங்கள். அந்த மாத விடுமுறை நாட்களை வட்டம் போட்டு அங்கேதான் போடுகிறார்கள்.

அப்புறம் காலுறை. நம் ஆட்களுக்கு இதுதான் முக்கியம். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது நமக்குப் பழக்கம்தான், ஆனால் நாம் வெறுங்காலோடு போவோம். ஜப்பானில் பிறர் வீட்டுத் தத்தாமியில் வெறுங்காலை வைப்பது மரியாதைக் குறைவு. வியர்வை பாயில் இறங்கும். கோடையில் சாண்டலோடு அலைகிறவர்கள் பையில் ஒரு ஜோடிக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டை இல்லாததாக. என் கட்டை விரல் எட்டிப் பார்த்த அந்த மதியத்தில் நான் இரண்டு மணி நேரம் காலை மடக்கியே உட்கார்ந்திருந்தேன்.

ரொக்கமும் தேவை. அட்டை வாங்காத கடை இன்னும் உண்டு, சில இடங்களில் 'பேபே' (PayPay) என்ற கைபேசிப் பணச் செயலியை மட்டும் எடுப்பார்கள். ஒரு காபி பொதுவாக ஐந்நூறிலிருந்து எழுநூறு யென். இனிப்போடு சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஆயிரம் யென் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள், பத்தாயிரத்தை நீட்டினால் சில்லறைக்கு அந்த அம்மா அல்லாட வேண்டியிருக்கும். சக்கரம் வைத்த பெட்டியை ரயில் நிலைய லாக்கரில் விட்டுவிடுங்கள். பாய் மேல் அதை உருட்டவும் முடியாது, வைக்க இடமும் இருக்காது.

வாசலில்

வாசலில் தொங்கும் துணிக்கு 'நோரேன்' என்று பெயர். அது வெளியே தொங்கினால் கடை திறந்திருக்கிறது. உள்ளே எடுத்து வைத்துவிட்டால் மூடியாகிவிட்டது. பலகை இருந்தால் கைபேசிக் கேமராவை மொழிபெயர்ப்புக்குப் போட்டுக் காட்டுங்கள். 'எய்க்யோ-ச்யூ' என்றால் வியாபாரம் நடக்கிறது. 'ஜும்பி-ச்யூ' என்றால் தயாராகிக்கொண்டிருக்கிறார்கள், அதாவது இப்போது வராதீர்கள் என்பதை நயமாகச் சொல்கிறார்கள். எட்டிப் பார்த்து ஆள் இருக்கிறதே என்று நுழையக் கூடாது.

நோரேனை ஒரு கையால் லேசாக விலக்கி, கதவைப் பக்கவாட்டில் இழுங்கள். பழைய மரம், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். வேகமாக இழுத்தால் கண்ணாடி கடகடவென்று ஆடும், உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளே கால் வைத்ததும் "சுமிமாசென்" ('கொஞ்சம் மன்னிக்கணும்') என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். விறுவிறுவென்று உள்ளே நடந்து இடம் பிடிக்கிற வேலை வேண்டாம். எத்தனை பேர் என்று கேட்பார்கள். மொழி வராவிட்டால் விரலைக் காட்டினால் போதும்.

கென்கான்: இங்கேதான் எல்லோரும் தடுமாறுவது

கதவுக்கும் வீட்டுக்கும் நடுவே தெருமட்டத்தில் ஒரு சின்ன இடம் இருக்கும். அதுதான் கென்கான். கீழே சிமெண்டோ கல்லோ மண் இறுக்கிய தரையோ இருக்கும். அதைத் தாண்டி ஒரு படி உயரத்தில் மரத்தளம் தொடங்கும். செருப்புக்கு உரிய இடம் கீழ்த்தரை, காலுறைக்கு உரிய இடம் மேல்தளம். இரண்டும் கலக்கவே கூடாது. செருப்புக் காலை மேலே வைப்பது தப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். காலுறையோடு கீழே மிதிப்பதும் அதே அளவு தப்பு என்பதுதான் தெரியாது. செருப்பைக் கழற்றி, அதே வீச்சில் அந்தக் காலை நேராக மேல்தளத்தில் வைக்க வேண்டும். ஷூ நாடாவை அவிழ்க்கிறவர்கள் படியில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யலாம். கழற்ற எளிதான ஷூ போட்டுக்கொண்டு போனால் இந்த வித்தையே தேவையில்லை.

முன்னோக்கி ஏறிவிட்டு, பிறகு சற்றுப் பக்கவாட்டில் திரும்பி முழங்காலிட்டு, ஷூவின் மூக்கு வாசலைப் பார்க்கும்படி கையால் திருப்பி, ஓரமாக வையுங்கள். ஏறும்போதே பின்பக்கமாகத் திரும்பி ஏறினால் வீட்டாருக்கு முதுகைக் காட்டியதாகும். செருப்பு அலமாரி இருந்தால் அதில் வைக்கச் சொல்வார்கள். சில இடங்களில் மரச்சாவி போட்ட பெட்டிகூட இருக்கும். எல்லா கொமின்கா கஃபேயிலும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்றில்லை. சில வீடுகளில் கீழ்த்தளம் முழுக்க ஷூவோடு நடக்கிற மாதிரி மாற்றியிருப்பார்கள். மற்றவர்களின் ஷூ வரிசையாகக் கிடக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மேலே ஏறியதும் வீட்டுச் செருப்பு தரலாம். அது மரத்தளத்துக்கு மட்டும். தத்தாமி அறை வாசலில் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிவறையில் வேறொரு ஜோடி இருக்கும், அது அங்கே மட்டும். கழிவறைச் செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பது ஜப்பானுக்கு வந்த ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது செய்கிற காரியம். நான் இரண்டு தடவை செய்திருக்கிறேன்.

தலையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அறைக்கு அறை மேலே ஓடும் மரச்சட்டம் தரையிலிருந்து சுமார் 175 சென்டிமீட்டர்தான். அந்தக் காலத்து ஆட்களின் உயரத்துக்குப் போட்டது. முதுகுப் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்பும்போது காகிதக் கதவில் இடிக்கும். மாடிப்படி ஏணி மாதிரி செங்குத்தாக இருக்கும், இறங்கும்போது பக்கவாட்டாக இறங்குவது நல்லது.

உட்காருவது

தத்தாமிப் பாய்களின் ஓரத்தில் துணிக்கரை ஓடும். அதை மிதிக்காமல் நடப்பது பழைய வழக்கம். அறை வாசலின் கீழ்ச்சட்டத்தையும் மிதிக்காமல் தாண்டுங்கள். நம் ஊரில் நிலைப்படியை மிதிக்காதே என்று சொல்லி வளர்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சதுர மெத்தைகள் போட்டிருப்பார்கள், 'ஸபுதோன்' என்று பெயர். மேலே ஏறி நிற்காமல், பக்கத்தில் முழங்காலிட்டு நகர்ந்து உட்காருவது அழகு.

மண்டியிட்டே உட்கார வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. சம்மணம் போடலாம், பெண்கள் இரு காலையும் ஒரு பக்கம் மடக்கி உட்காருவது அங்கே வழக்கம். எதிரே இருப்பவரைப் பார்த்துக் காலை நீட்டுவது மட்டும் வேண்டாம். முழங்கால் வலி இருந்தால் "தேபுரு செகி" என்று கேளுங்கள், மேசை நாற்காலி இருந்தால் தருவார்கள். சில அறைகளில் மேசைக்கடியில் குழி வெட்டியிருக்கும், காலைத் தொங்கப் போடலாம்.

சுவரில் ஒரு மாடம் போல உள்வாங்கிய இடம், அதில் ஓர் ஓவியச்சுருளோ பூவோ இருந்தால், அது 'தோக்கோநோமா'. வீட்டிலேயே மரியாதைக்குரிய இடம். பை வைக்க வசதியாகத்தான் தெரியும், வைத்துவிடாதீர்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க விட்டால் நான் 'எங்காவா' ஓரத்தைக் கேட்பேன். அறைக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஓடும் மரத்தாழ்வாரம், திண்ணைக்குத் தூரத்து உறவு. மழை நாளில் அங்கே உட்கார்ந்தால் ஓடு சொட்டுவதும் பாசி நனைவதும் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும். குளிர்காலத்தில் மட்டும் யோசியுங்கள். இந்த வீடுகள் கோடைக்காகக் கட்டியவை, ஜனவரியில் தரை வழியாகவே குளிர் ஏறும். அப்போது அடுப்புப் பக்கம் இடம் கேளுங்கள், இரட்டைக் காலுறை போடுங்கள்.

என்ன சாப்பிடலாம், சைவக்காரர்கள் என்ன செய்யலாம்

உட்கார்ந்ததும் தண்ணீரும் ஈரத்துண்டும் வரும், துண்டு கை துடைக்க. தலைக்கு ஓர் ஆர்டர் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. மூவர் போய் ஒரு காபி வாங்கிப் பங்கு போடக் கூடாது. கூப்பிட "சுமிமாசென்". மெனுவில் விரல் வைத்து "கொரே ஓ குதாசாய்" என்றால் 'இதைக் கொடுங்கள்'. காபிக்கு "ஹொத்தோ" (சூடு), "ஐசு" (ஐஸ் போட்டது) இரண்டும் தெரிந்தால் போதும்.

மதிய உணவில் சைவம் கஷ்டம், நேராகவே சொல்லிவிடுகிறேன். காய்கறிக் குழம்பு என்று போட்டிருந்தாலும் அடியில் 'தாஷி' இருக்கும், பெரும்பாலும் காய்ந்த சூரை மீனிலிருந்து எடுத்த சாறு. ஜப்பானியக் கறிச் சோறும் நம்பகமில்லை, கடையில் விற்கும் குழம்புக் கட்டிகளில் பலவற்றில் விலங்குக் கொழுப்பு உண்டு. "நிகு தோ சகானா வா தாபெராரெமாசென்" (இறைச்சியும் மீனும் சாப்பிட முடியாது) என்று ஜப்பானிய எழுத்தில் கைபேசியில் வைத்துக்கொண்டு காட்டுங்கள். தாஷியும் ஆகாது என்பதைத் தனியாகச் சேருங்கள், ஏனென்றால் பலர் அதை மீன் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

ஆகவே சாப்பாட்டை வேறெங்காவது முடித்துவிட்டு, மூன்று மணி வாக்கில் இனிப்புக்குப் போவதே நல்லது. இங்கே நமக்கு நல்ல காலம். 'ஸென்ஸாய்' என்பது சிவப்புப் பயறைச் சர்க்கரையோடு வேகவைத்து, 'மோச்சி' என்ற இடித்த அரிசிக் கட்டியைப் போட்டது; பாயசம் கொஞ்சம் கெட்டிப்பட்ட மாதிரி, கொதிக்கக் கொதிக்க வரும். கூடவே ஒரு துளி உப்பு ஊறுகாய் வைப்பார்கள், இனிப்பு திகட்டாமல் இருக்க. 'அன்மித்சு' என்ற இனிப்பில் இருப்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் துண்டுகள், விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் அல்ல. ஆனால் சுடாத சீஸ்கேக்கிலும் கிண்ணத்தில் நடுங்கும் பல இனிப்புகளிலும் ஜெலட்டின் உண்டு. மச்சாவை (பச்சைத் தேயிலைத் தூளைக் கலக்கிய தேநீர்) இனிப்போடு சேர்த்துக் கேட்டால், இனிப்பை முதலில் தின்றுவிட்டுக் கசப்பைப் பின்னால் குடியுங்கள். அந்த வரிசைக்குத்தான் அது.

மடிக்கணினியை விரித்து வேலை பார்க்கிற இடமில்லை இது. கைபேசியில் பேச வேண்டியிருந்தால் வெளியே போங்கள், அந்தச் சுவர்கள் காகிதம். கூட்டமான நாளில் தொண்ணூறு நிமிடம் என்று வரம்பு வைப்பார்கள்.

படம் எடுப்பது

"ஷாஷின் ஓ தொத்தெ மோ ஈ தெஸ் கா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். உங்கள் மேசைக்குப் பெரும்பாலும் சரி என்பார்கள். மற்றவர்கள் முகம் விழக் கூடாது. வெளியே தெருவிலும் இதே கவனம் வேண்டும். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படம் எடுத்தால் பத்தாயிரம் யென் என்று 2019இல் பலகை வைத்தார்கள். 2024இல் சில சந்துகளில் சுற்றுலாப் பயணிகள் நுழையவே கூடாது என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தத் தெருக்களில் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

குழந்தைகளோடு

முன்பே கேட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளை அனுமதிக்காத இடங்கள் உண்டு. காரணம் சத்தம் மட்டுமல்ல, காகிதக் கதவும்தான்.

நண்பரின் நாலு வயது மகள் ஒரு கஃபேயில் ஷோஜிக் கதவில் விரலை விட்டாள். 'பொக்' என்று ஒரு சத்தம். விரல் உள்ளே போய்விட்டது. அந்தச் சத்தம் பிடித்துப்போனதில் அடுத்த கட்டத்திலும் ஒன்று. நாங்கள் வெலவெலத்துப்போனோம். மறைக்காமல் உடனே போய்ச் சொன்னோம், பணம் தருகிறோம் என்றோம். கடைக்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போய், கத்தரிக்கோலும் கொஞ்சம் வெள்ளைக் காகிதமும் கொண்டுவந்தார். எங்கள் முன்னாலேயே இரண்டு செர்ரிப் பூக்களை வெட்டி, பசை தடவி, ஓட்டைகளின் மேல் ஒட்டினார். ஒரு பூவை ஒட்டும் வேலையை அந்தக் குழந்தையிடமே கொடுத்தார். அப்புறம்தான் கவனித்தேன், அந்தக் கதவின் கீழ்வரிசையில் ஏற்கெனவே ஏழெட்டுப் பூக்கள் இருந்தன, எல்லாம் நாலு வயதின் உயரத்தில்.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கும் என்று எண்ணாதீர்கள். குழந்தையைக் காகிதக் கதவுக்கு எதிர்ப்பக்கம் உட்கார வையுங்கள்.

கிளம்பும்போது

பணம் வாங்க மேசைக்கு வர மாட்டார்கள், பெரும்பாலும் நீங்கள்தான் கல்லாவுக்குப் போக வேண்டும். அது பெரும்பாலும் கென்கான் பக்கத்தில் இருக்கும். பணத்தைக் கையில் நீட்டாமல் அங்கிருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். டிப்ஸ் கிடையாது. மேசையில் சில்லறையை விட்டுவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று சந்து முனை வரை ஓடிவந்து கொடுப்பார்கள். "கோச்சிசோ-சமா தெஷ்தா" (விருந்துக்கு நன்றி) என்று சொல்லிவிட்டு இறங்குங்கள்.

நீங்கள் வந்தபோது ஷூவைத் திருப்பி வைக்க மறந்திருந்தாலும், இப்போது அது வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கும். யாரோ சத்தமில்லாமல் செய்திருப்பார்கள். பக்கத்தில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஷூ கரண்டி தொங்கும், குனியாமல் மாட்டிக்கொள்ளலாம். வெளியே வந்ததும் கதவை இழுத்து மூடுங்கள், கடைசி ஒரு விரல்கடை மட்டும் மெதுவாக.